கிலவேயா: ஒரு நாளில் பார்த்துவிட்டு வரலாமா?

கேள்வி, ஜூன் 27, 2025

ஆகஸ்டில் ஹவாயி போகிறோம். நான், மனைவி, இரண்டு வயதுப் பெண், என் மாமனார். தங்கல் ஹொனலூலுவில். ஒரு நாள் காலை விமானத்தில் பெரிய தீவுக்குப் போய், எரிமலைப் பூங்காவைச் சுற்றிவிட்டு, படகில் போய் லாவா கடலில் விழுவதையும் பார்த்துவிட்டு, ராத்திரி திரும்பிவிடலாம் என்று ஒரு பழைய பயணக் கட்டுரையில் படித்தேன். அங்கிருக்கும் கிலவேயா எரிமலை இப்போது தினமும் பொங்குகிறது என்றும் சொல்கிறார்கள். ஒரு நாள் போதும்தானே?

ஜூன் 27, இரவு

போதாது.

படகை முதலில் மறந்துவிடுங்கள். லாவா கடலில் விழுந்தது கிலவேயாவின் சரிவிலிருந்த புஉ ஓஓ என்ற எரிமலை வாயிலிருந்து. 1983இல் தொடங்கி 35 வருடம் ஓடிய அந்த வெடிப்பு 2018இல் நின்றுவிட்டது. 2016 டிசம்பரில் நான் அதை நேரில் பார்த்தேன். கலாபனா பக்கமிருந்து கருகிய வெளியில் மணிக்கணக்காக நடந்து போய், இருட்டில் சிவப்புக் கோடு ஒன்று கடலில் இறங்குவதையும், அது தொட்ட இடத்தில் வெள்ளை ஆவி சுவர் மாதிரி எழும்புவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் படித்த கட்டுரை அந்தக் காலத்துடையதாக இருக்கும். இன்றைக்கு அந்தக் காட்சி இல்லை.

அடுத்தது, தினமும் பொங்குவதில்லை. 2024 டிசம்பர் 23இலிருந்து, உச்சியில் ஹலேமாஉமாஉ என்ற எரிமலை வாய்க்குள் விட்டு விட்டுப் பொங்குகிறது. சில மணி நேரம் ஊற்றாகப் பீறிடும். பிறகு நாள் கணக்கில் அடங்கிக் கிடக்கும். நாங்கள் போனது இந்த மாதம் 12 முதல் 15 வரை. 11ஆம் தேதி பொங்கி முடிந்திருந்தது. அடுத்தது 20ஆம் தேதி அதிகாலை. நடுவில் போய் நின்றதால் ஒரு சொட்டு லாவாகூடப் பார்க்கவில்லை. அம்மாவை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முதல் மாலை எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனாலும் மறுபடி போவேன். ஏன் என்று நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

ஜூன் 28

வழிக் கணக்கு. ஹொனலூலுவிலிருந்து ஹிலோவுக்கு விமானம் ஒரு மணி நேரத்துக்குள். ஹிலோவிலிருந்து பூங்கா வாசல் 48 கிலோமீட்டர், முக்கால் மணி நேரக் கார் ஓட்டம். கோனா விமான நிலையத்துக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அது தீவின் மறுபக்கம், அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டாயம் ஒரு நாள்தான் என்றால் ஹிலோ வழியாகச் செய்யலாம். ஆனால் அந்த ஒரு நாளில் மழை பெய்து மேகம் இறங்கிவிட்டால் எரிமலை வாயே கண்ணுக்குத் தெரியாது. குறைந்தது ஒரு இரவு ஹிலோவில் தங்குங்கள். சாப்பாடு கிடைக்கும், அறை வாடகையும் கட்டுப்படியாகும்.

ஜூன் 29

இன்று மறுபடி பொங்கிவிட்டது! காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரைக்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் நேரலைக் கேமராவில் பையனும் நானும் பார்த்தோம்.

தேதிகளைக் கவனியுங்கள்: ஜூன் 11, 20, 29. ஒன்பது நாளுக்கு ஒரு முறை. உங்கள் தேதியைச் சொன்னால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஜூலை 1

லாவா இல்லாமல் மூன்று நாள் என்ன பார்த்தீர்கள் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் நாள் மாலை உவேகஹுனா மேட்டில் போய் நின்றோம். 2016இல் அதே இடத்தில் ஜாகர் அருங்காட்சியகம் இருந்தது. அதன் திண்ணையில் நின்று கீழே லாவா ஏரியின் செக்கர் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன். 2018 நிலநடுக்கங்களில் கட்டடம் சேதமாகி, பிறகு அதை இடித்து அகற்றிவிட்டார்கள். அந்த வருடம் மே முதல் ஆகஸ்ட் வரை எரிமலையின் அடிவயிற்றிலிருந்த குழம்பு கீழே தீவின் கிழக்கிலிருக்கும் பூனா வட்டாரத்தின் பக்கம் வழிந்தோடி, 700க்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கியது. உள்ளே காலியானதும் உச்சி இடிந்து உள்வாங்கியது. ஹலேமாஉமாஉவின் தரை 500 மீட்டர் கீழே போனது. சுற்றுச் சாலையின் ஒரு பகுதியும் அதோடு விழுந்தது. அடுத்த வருடம் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறி ஏரியாகி, 50 மீட்டர் ஆழம் வரை ஏறியது. 2020 டிசம்பர் 20 இரவு வெடித்தபோது அந்த ஏரி முழுவதும் கொதித்து ஆவியாகிப் போனது. நான் பார்த்த பள்ளமும் இப்போது இருப்பதும் வேறு வேறு. ஒன்பது வருடத்தில் ஒரு மலை இப்படி மாறும் என்று படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அதன் விளிம்பில் நிற்பது வேறு. லாவா வரவில்லையே என்ற வருத்தம் அங்கேதான் எனக்குக் குறையத் தொடங்கியது.

இரண்டாம் நாள் கிலவேயா இக்கி. பூங்காவில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதைச் சொல்வேன். 1959 நவம்பரில் இந்தக் குட்டிப் பள்ளத்தில் லாவா 580 மீட்டர் உயரம் பீறிட்டிருக்கிறது. ஐந்து வாரத்தில் பள்ளம் நிறைந்து லாவா ஏரியாகி, மேலே ஓடு கட்டிவிட்டது. அந்த ஓட்டின் மேல் இன்று நடக்கலாம். சுற்றி வர 5.3 கிலோமீட்டர். காட்டுக்குள்ளே 120 மீட்டர் இறங்க வேண்டும், அவ்வளவும் திரும்ப ஏற வேண்டும். மேலே பெரணி மரங்களும் பறவைச் சத்தமுமாக இருக்கும். கீழே காலை வைத்ததும் கறுப்புத் தரை, வெடிப்புகள், அதிலிருந்து ஆவி. பையன் குனிந்து ஒரு வெடிப்பின் மேல் கையை நீட்டிவிட்டு, "பாட்டி இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி இருக்கு" என்றான். நீங்களும் இறங்கினால் அங்கங்கே அடுக்கியிருக்கும் கற்குவியல்களைப் பின்பற்றி நடங்கள். அவைதான் பாதை அடையாளம். புதிதாக அடுக்கவும் கூடாது, இருப்பதைக் கலைக்கவும் கூடாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் இறங்கவில்லை. விளிம்பிலிருந்தே பார்த்துவிட்டு, பக்கத்திலிருக்கும் நாஹுக்கு லாவாக் குகைக்குள் எங்களோடு நடந்தார். லாவா ஓடி வடிந்த குழாய் அது, சுமார் 500 வருடப் பழசு. விளக்குப் போட்டிருக்கிறார்கள். வண்டி நிறுத்த இடம் மிகக் குறைவு. காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள்.

மூன்றாம் நாள் பள்ளங்களின் வரிசைச் சாலை. உச்சியிலிருந்து கடல் வரைக்கும் 30 கிலோமீட்டர், 1,100 மீட்டர் இறக்கம். மேலே குளிர், கீழே சுடும் வெயில். இந்தச் சாலையில் பெட்ரோல் இல்லை, கடை இல்லை, குடிநீர் இல்லை. நாங்கள் மூன்று பேருக்கு ஒரே ஒரு பாட்டில் தண்ணீரோடு இறங்கிவிட்டோம். வெயிலில் அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்துப் பயந்துபோனேன். ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் காய்ந்த லாவா: கயிறு திரித்த மாதிரி வழவழப்பாக இருப்பது பாஹோயிஹோயி, உடைத்துக் கொட்டிய ஜல்லி மாதிரி இருப்பது ஆஆ. இரண்டும் ஹவாயி மக்களின் சொற்கள். இன்று உலகத்தில் எந்த நாட்டுப் புவியியல் மாணவரும் இந்தப் பெயர்களைத்தான் படிக்கிறார்.

வழியில் புஉ லோஆ. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக லாவாப் பரப்பில் நடந்தால் மரப்பலகை நடைபாதை வரும். சுற்றிலும் பாறையில் 23,000க்கும் மேற்பட்ட செதுக்கல்கள். மனித உருவங்கள், வட்டங்கள், ஏராளமான சிறு குழிகள். அந்தக் குழிகள் எதற்கென்று பலகையில் படித்துச் சொன்னேன்: பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை அதில் வைத்து மூடுவார்களாம், பிள்ளைக்கு நீண்ட ஆயுள் வேண்டி. அம்மா அப்படியே நின்றுவிட்டார். என் தொப்புள்கொடி உதிர்ந்ததும் அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து என் இடுப்பில் கட்டியவர் அவர். "ஒவ்வொரு குழியும் ஒரு பிள்ளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் திரும்பி நடக்கும்வரை அவர் பேசவில்லை.

ஜூலை 2

விட்டுப்போனவை. வாசலுக்குப் பக்கத்திலிருக்கும் பழைய வரவேற்பு மையம் புதுப்பிப்பதற்காக மூடியிருக்கிறது. இப்போதைக்கு அது உள்ளே கிலவேயா ராணுவ முகாமில் நடக்கிறது. அங்கே போய் ரேஞ்சரிடம் அன்றைய நிலவரம் கேளுங்கள். நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும், கார்டு மட்டும்தான். பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கிறது.

உச்சி 1,200 மீட்டர் உயரம். ஜூனிலேயே இரவில் ஸ்வெட்டர் போட்டும் நடுங்கினோம். ஹவாயிதானே என்று அரைக்கால் சட்டையோடு வந்தவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள்.

ஜூலை 9

இன்று அதிகாலை நாலு மணிக்கே தொடங்கிவிட்டது. மதியம் முடிந்தது. இந்தத் தடவை பத்து நாள். ஒன்பது என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

நாள் எண்ணுவதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உவேகஹுனாவில் சாய்வுமானி ஒன்று வைத்திருக்கிறார்கள். அடியில் குழம்பு சேரச் சேர மலை லேசாக உப்பும், தரை சாயும். அதை மைக்ரோ ரேடியன் கணக்கில் அளந்து, வரைபடத்தில் கோடாகக் காட்டுகிறார்கள். ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியின் ஒரு நுனியை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் அதுதான் ஒரு மைக்ரோ ரேடியன். பொங்கியதும் கோடு சரசரவென்று இறங்கும், பிறகு மெல்ல ஏறும், பழைய உயரத்தை நெருங்கும்போது அடுத்த முறை பக்கத்தில் என்று அர்த்தம். ஹவாயி எரிமலை ஆய்வகம் அந்தக் கோட்டைத் தினமும் வெளியிடுகிறது, எந்த நாட்களுக்குள் வரலாம் என்றும் சொல்கிறது. 1912இல் தாமஸ் ஜாகர் தொடங்கிய ஆய்வகம் அது. இப்போதெல்லாம் காலையில் செய்தித்தாளுக்கு முன்னால் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறேன்.

ஜூலை 13

ஹிலோவில் தங்கச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சாப்பாட்டையும் வாடகையையும் நினைத்துச் சொன்னது. இந்த ஜூன், ஜூலையில் ஒவ்வொரு பொங்கலும் எட்டு மணி நேரத்திலிருந்து பதினொரு மணி நேரம் வரைதான் நீடித்திருக்கிறது. ஊற்று பெரிதாக எழும்புவது அதிலும் ஒரு பகுதி. அதிகாலை நாலு மணிக்குத் தொடங்கினால், ஹிலோவில் எழுந்து, குழந்தையைக் கிளப்பி, முக்கால் மணி நேரம் ஓட்டி, வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குள் விடிந்துவிடும். வாசலுக்கு வெளியே வால்கனோ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே தங்குங்கள். கடைகள் குறைவு, சீக்கிரம் மூடிவிடுவார்கள். ஹிலோவிலிருந்தே அரிசி, தயிர், பழம் வாங்கிப் போய்விடுங்கள். சமையலறை உள்ள வீடாகப் பிடித்தால் குழந்தைக்கும் வசதி.

இரண்டு இரவு. ஒன்று அல்ல.

ஜூலை 14

மாமனார் அங்கே தேங்காய் உடைக்க ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இதை நான் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஹலேமாஉமாஉ பேலே என்ற தெய்வத்தின் வீடு. ஹவாயி மக்களுக்கு அது கதை இல்லை, இன்றும் வழிபாடு. அங்கே விளையும் ஓஹெலோ பழத்தைக்கூட முதலில் அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவது வழக்கம். அம்மாவும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோயிருந்தார், விளிம்பில் வைத்துக் கும்பிட வேண்டும் என்று. ஒரு ரேஞ்சர் அம்மாவிடம் பொறுமையாகப் பேசினார். வைத்த உணவு எலிகளைக் கூட்டும், எலி அரிய பறவைகளின் முட்டையைத் தின்னும், தெரியாத மண்ணில் எதைக் கொடுப்பது என்பதை அந்த மண்ணின் மக்களிடம் விட்டுவிடுவதுதான் மரியாதை என்றார். அம்மா பழத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கூப்பி நின்றார். போதும்.

அதேபோல லெஹுவா. கறுப்புப் பாறையில் முதலில் முளைக்கும் மரங்களில் ஒன்று ஓஹியா, அதன் சிவப்புப் பூதான் லெஹுவா. ஓஹியா என்ற இளைஞனைப் பேலே விரும்பினாள், அவன் லெஹுவாவை விரும்பியதால் அவனை முறுக்கிய மரமாக்கிவிட்டாள், மற்றத் தெய்வங்கள் இரங்கி லெஹுவாவை அதே மரத்தில் பூவாக வைத்தார்கள். பூவைப் பறித்தால் இருவரும் பிரிவார்கள், மழை பெய்யும் என்பார்கள். தலையில் வைக்க அழகான பூதான். பறிக்காதீர்கள். இந்த மரங்களை ஒரு பூஞ்சை நோய் வேகமாகக் கொன்றுகொண்டிருக்கிறது, மண்ணோடு பரவுகிறது. பாதை தொடங்கும் இடத்தில் பிரஷ் வைத்திருந்தால் செருப்பின் அடியைத் தேய்த்துவிட்டு நடங்கள்.

கல்லும் எடுக்கக் கூடாது. சட்டப்படியே குற்றம். எடுத்துப் போனவர்கள் மனசு கேட்காமல் தபாலில் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். குழந்தையின் பாக்கெட்டையும் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

ஜூலை 20

இன்று மறுபடி. பதினொரு நாள்.

குழந்தையைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். எரிமலை சும்மா இருக்கும்போதும் கந்தக டை ஆக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். காற்று திரும்பினால் தீக்குச்சி உரசிய நெடி நேராக முகத்தில் அடிக்கும். அம்மாவுக்கு லேசான இழுப்பு உண்டு. கந்தகக் கரை பக்கம் பத்து நிமிடம் நின்றதும் மூச்சு வாங்கியது. காருக்குள் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றி, இன்ஹேலர் கொடுத்து, வேறு பக்கம் ஓட்டிப் போனேன். கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர், இதய நோயாளி, இவர்களுக்கு அந்தக் காற்று ஆகாது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். நெடி வந்தால் கிளம்பிவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அப்புறம் பேலேயின் கூந்தல். பீறிடும் லாவா காற்றில் இழுபட்டு மெல்லிய கண்ணாடி இழையாகிப் பறக்கும். நாங்கள் போனபோது வண்டி நிறுத்துமிடத்தின் ஓரமெல்லாம் பொன்னிற வைக்கோல் மாதிரி கிடந்தது. பையன் அள்ளப் போனான், விரலில் ஏறிவிட்டது. செலோ டேப் ஒட்டி எடுத்தோம். உங்கள் பெண் இரண்டு வயது, எதைப் பார்த்தாலும் வாயில் வைக்கும் பருவம். தரையில் இறக்கிவிடாதீர்கள். கார் கண்ணாடியில் விழுந்திருந்தால் வைப்பரைப் போடாதீர்கள், கீறிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஜூலை 24

கவாயி ஆதீனத்தையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று ஒரு கேள்வி. அது கவாயி தீவில், தீவு வரிசையின் மறுகோடியில். தனி விமானம், தனி நாள். இறைவன் கோயில் பெங்களூருவில் செதுக்கிய கருங்கல்லில் எழுந்தது, 2023இல் கும்பாபிஷேகம் ஆனது. போக முடிந்தால் கட்டாயம் போங்கள். இரண்டையும் பார்த்தால் இன்னொன்றும் புரியும். அடியிலிருக்கும் வெப்ப ஊற்று ஓரிடத்திலேயே இருக்க, மேலே கடல்தரை நகர்ந்துகொண்டிருக்கிறது. கவாயி அதைக் கடந்து போய் சுமார் 50 லட்சம் வருடமாகிறது. அதனால்தான் அங்கே மலையெல்லாம் அரித்துப் பச்சையாகக் கிடக்கிறது. கிலவேயா இன்னும் அடுப்பின் மேலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 2

பதின்மூன்று நாளாகிறது, இன்னும் வரவில்லை. கோடு ஏறுகிறது, நிதானமாக.

ஆகஸ்ட் 6, இரவு

இன்று வந்துவிட்டது. பதினேழு நாள் கழித்து. ஒன்பது, ஒன்பது, பத்து, பதினொன்று, அப்புறம் பதினேழு. ஜூன் 29 அன்று நான் போட்ட கணக்கை நம்பி யாராவது டிக்கெட் எடுத்திருந்தால் மன்னிக்க வேண்டும். அந்தக் குறிப்பை அழிக்காமல் விடுகிறேன், கீழே இதையும் படிப்பீர்கள் என்பதால்.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். ஃபோனில் நேரலை இணைப்பை அனுப்பினேன். வெகு நேரம் பார்த்திருக்கிறார். "நாம நின்ன இடம் எது?" என்று கேட்டார். அந்தக் கேமராவில் உவேகஹுனா மேடு தெரியாது. தெரிந்த மட்டும் விளக்கிச் சொன்னேன்.

வால்கனோவில் ஆகஸ்ட் 20, 21 இரண்டு இரவும் வீடு கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. போனதும் டிவாஸ்டேஷன் பாதை பார்க்கிங்கிலிருந்து கியானககோயி என்ற பள்ளத்தின் விளிம்புக்கு ஒரு தடவை பகலிலேயே நடந்து பாருங்கள். பழைய தார்ச் சாலை, ஒரு வழி ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம், தள்ளுவண்டி போகும். இருட்டில் வர வேண்டியிருந்தால் வழி பழகியிருக்கும். ஆளுக்கு ஒரு டார்ச் வேண்டும், ஃபோன் வெளிச்சம் போதாது. வழியில் நேனே வாத்துகள் குறுக்கே வரும், காரை மெதுவாக ஓட்டுங்கள், தீனி போடாதீர்கள்.

22ஆம் தேதி காலை விமானம் என்கிறீர்கள். அதை இரவுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.